அந்தப் பையன் இருக்கட்டும்

 

ஒரு வீட்டு வாசல். விடியற்காலை நேரம். தாய் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறார். பத்து வயது மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வருகிறான். அவனுக்குக் கண் பார்வை மிகவும் குறைவு. மாவுக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்கிறான். ஒரு பிடி மாவை எடுக்கிறான்.

தாய் என்ன சொல்வார்? "வேண்டாம் கண்ணு, கொட்டிவிடும். நீ போய் ஓரமாக உட்காரு. அம்மா போட்டுக்கொள்கிறேன்."

தாய்க்கு மகன் மேல் கோபம் இல்லை. பாசம்தான். அவன் விழுந்துவிடக் கூடாது, மேலெல்லாம் மாவாகிவிடக் கூடாது, போவோர் வருவோர் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அதனால் சொல்கிறார். ஆனால் அந்தப் பையன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல்லைக் கேட்கிறான்? விளையாட்டில் ஓரமாக உட்காரு. கல்யாண வீட்டில் ஓரமாக உட்காரு. வகுப்பிலும் ஓரமாக உட்காரு. கேட்டுக் கேட்டு அவனும் நம்பிவிடுகிறான். 'என்னால் எதுவும் ஆகாது' என்று அவனே சொல்ல ஆரம்பிக்கிறான்.

அப்படி நம்பிவிட்ட பிள்ளையை எப்படி மீட்பது? மருந்து மாத்திரையில் அது இல்லை. படம் வரைவது, மண் பிசைவது, பாடுவது, ஆடுவது, வேஷம் கட்டி நடிப்பது ஆகியவற்றில் இருக்கிறது. இது வெறும் பேச்சு அல்ல. வங்காளத்தில் நடந்த ஓர் உண்மைக் கதையைக் கேளுங்கள்.

மேற்கு வங்காளத்தில் வீர்பூம் என்று ஒரு மாவட்டம். செம்மண் பூமி. பனைமரங்கள் நிறைந்த இடம். அங்கே சாந்திநிகேதன் என்ற ஊரில் கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் 1901-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். தாகூருக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் என்றாலே பிடிக்காது. நாலு சுவருக்குள் அடைத்து வைத்து, பிரம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் படிப்பை அவர் வெறுத்தார். ஆகவே தம்முடைய பள்ளியில் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்தச் செய்தார். பாட்டும் ஓவியமும் நாடகமும் அங்கே ஓய்வு நேர வேலைகள் அல்ல. கணக்கு, மொழிப்பாடம் போல அவையும் பாடங்கள்தான்.

இந்தப் பள்ளிக்கு 1917-ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தாவிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். பெயர் பினோத் பிகாரி முகர்ஜி. 1904-இல் பிறந்தவன். பிறந்தது முதலே அவனுக்கு ஒரு கண் தெரியாது. மற்றொரு கண்ணிலும் கிட்டப்பார்வைதான். பக்கத்தில் இருப்பது தெரியும். தள்ளி இருப்பது புகை போலத் தெரியும். பார்வை இப்படி இருந்ததால் அதற்கு முன்பு பள்ளிப் படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை.

அந்தப் பையனுக்குப் படம் வரைய ஆசை!

கேட்டால் சிரிப்புத்தான் வரும் இல்லையா? காது கேளாதவன் பாட்டு வாத்தியாராக ஆசைப்படுவது போல என்று நினைக்கத் தோன்றும். 1919-இல் சாந்திநிகேதனில் ஓவியத்துக்கென்றே 'கலா பவனம்' என்ற கல்விக்கூடம் தொடங்கியது. பினோத் பிகாரி அதில் சேர்ந்தான். முதல் மாணவர்களில் அவனும் ஒருவன்.

அங்கே ஆசிரியர் நந்தலால் போஸ். பெரிய ஓவியர். இந்திய அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைப் பிற்காலத்தில் தம் மாணவர்களோடு சேர்ந்து படங்களால் அழகு செய்தவர் அவர்தான். நல்ல மனிதர். ஆனாலும் அவருக்குத் தயக்கம். கண் சரியாகத் தெரியாத பையனுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? நாளைக்கு அவன் பிழைப்புக்கு என்ன செய்வான்? தாகூரிடம் போய்த் தம் கவலையைச் சொன்னார்.

தாகூர் இரண்டு விஷயங்களைத்தான் கேட்டார் என்று சொல்வார்கள். பையன் தன் இடத்தில் ஒழுங்காக வந்து உட்காருகிறானா? வேலையில் அவனுக்கு ஆர்வம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தது. அப்படியானால் அவன் இருக்கட்டும், அவனவன் வழியை அவனவன் கண்டுகொள்வான், எதிர்காலத்தைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம் என்று தாகூர் சொல்லிவிட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. அந்தப் பையனுக்கு யாரும் தனி வகுப்பு வைக்கவில்லை. விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்கித் தரவில்லை. 'பாவம்' என்று சொல்லி மதிப்பெண் போடவும் இல்லை. மற்ற மாணவர்கள் நடுவே அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்திலிருந்து யாரும் அவனை எழுப்பவில்லை.

பையன் வரைந்தான். சாந்திநிகேதனைச் சுற்றியிருந்த வெட்டவெளியை வரைந்தான். மழைநீர் அரித்த செம்மண் மேடுகள், தனியாக நிற்கும் பனைமரம், ஆள் நடமாட்டம் இல்லாத வெயில் நேரம் இவையெல்லாம் அவன் படங்களில் வந்தன. நுணுக்கமாகப் புருவத்தையும் நகத்தையும் வரைந்து காட்டும் வழி அவனுக்கு ஒத்து வரவில்லை. அதனால் எதை விட வேண்டுமோ அதை விட்டான். சில கோடுகளிலேயே ஒரு மரத்தை நிறுத்தப் பழகினான். கண்ணில் இருந்த குறையே அவன் கைக்கு ஒரு தனி வழியைக் காட்டியது. இதைக் கேட்டுவிட்டுக் 'குறை இருப்பதும் நல்லதுதான்' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பார்வைக் குறை துன்பம்தான். அவர் வாழ்நாள் முழுவதும் அந்தத் துன்பம் இருந்தது. வேலை செய்ய இடம் கிடைத்ததால் துன்பத்தோடு வேறொன்றும் அவருக்குக் கிடைத்தது. அதுதான் செய்தி.

படித்த இடத்திலேயே பினோத் பிகாரி ஆசிரியர் ஆனார். 1930-களின் பிற்பகுதியில் ஜப்பான் நாட்டுக்குப் போய் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து வந்தார். பிறகு சுவர் ஓவியங்களில் இறங்கினார்.

1946, 1947 ஆண்டுகளில் சாந்திநிகேதனில் உள்ள இந்தி பவனம் என்ற கட்டடத்தில் அவர் ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். மூன்று சுவர்களில் அது ஓடுகிறது. மொத்த நீளம் 70 அடிக்கும் மேல். கபீர்தாசர், சூர்தாசர், துளசிதாசர் முதலான பக்திக் கவிஞர்களும், அவர்களைச் சுற்றி வாழ்ந்த சாதாரண மக்களும் அதில் இருக்கிறார்கள். கபீர் நெசவாளி. சூர்தாசர் கண் தெரியாதவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவர். ஒரு கண் தெரியாத ஓவியர், கண் தெரியாத கவிஞரைச் சுவரில் தீட்டினார்.

அதைத் தீட்டிய முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீடு கட்டும் வேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுவரில் சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். காரை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வண்ணம் தீட்ட வேண்டும். காரை காயும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு எளிதில் அழியாது. ஆனால் தப்பாகப் போட்டுவிட்டால்? அழிக்க முடியாது. காரையைப் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். ஆகவே ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் காரை பூசுவார்கள். நேரமும் குறைவு. கையும் நடுங்கக் கூடாது. மனமும் தயங்கக் கூடாது.

இவ்வளவு பெரிய சுவருக்கு ஓவியர்கள் முதலில் தாளில் முழு அளவில் படம் வரைந்து, அதைச் சுவரில் ஒற்றி எடுத்துக்கொள்வது வழக்கம். பினோத் பிகாரி அப்படிச் செய்யவில்லை. சிறிய படங்களை மனத்தில் வாங்கிக்கொண்டு நேராகச் சுவரிலேயே தீட்டினார். சுவரை ஒட்டி நின்றால்தான் அவருக்குத் தெரியும். தள்ளி நின்று முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க அவரால் முடியாது. அப்படிப்பட்டவர் 70 அடிக்கு மேல் நீளமான ஓவியத்தை மனத்திலேயே பிடித்து வைத்திருந்தார்!

இந்த வேலையில் மாணவர்கள் அவருக்கு உதவினார்கள். அவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1944-இல் சாந்திநிகேதனுக்குப் போய்ச் சேர்ந்தவர். பிற்காலத்தில் நாடு போற்றும் ஓவியர் ஆனார். தம் ஆசிரியர் வங்காளியில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. கண் சரியாகத் தெரியாதவரிடம் கண் நன்றாகத் தெரிந்தவர்கள் ஓவியம் கற்றார்கள். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரேயும் இளமையில் அவரிடம் படித்த மாணவர்தான்.

பிறகு கதை வேறு பக்கம் திரும்புகிறது. 1949-இல் அவர் சாந்திநிகேதனை விட்டுப் போனார். நேபாளத்திலும் ராஜஸ்தானிலும் மலை ஊரான முசூரியிலும் வேலை பார்த்தார். 1950-களின் பிற்பகுதியில் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அது பலிக்கவில்லை. இருந்த ஒரு கண்ணின் பார்வையும் போய்விட்டது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழு இருட்டு.

ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய இடி உண்டா?

அவர் மறுபடி சாந்திநிகேதனுக்கே வந்தார். மாணவர்களுக்குக் கலை வரலாறு சொல்லிக்கொடுத்தார். பார்த்த படங்கள் எல்லாம் மனத்தில் இருந்தன. கைகள் சும்மா இருக்கவில்லை. மெழுகை உருட்டிச் சிறு உருவங்கள் செய்தார். வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் அமைத்தார். தாளின் விளிம்பை ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே மறு கையால் பேனா பிடித்துக் கோடு இழுத்தார். 1972-இல் கலா பவனத்தின் சுவர் ஒன்றில் சுட்ட ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். விரல் தொடுதலை நம்பி அவர் உருவங்களை உருவாக்கினார். மற்றவர்கள் அவர் சொன்னபடி உதவினார்கள். அதே ஆண்டில் சத்யஜித் ரே தம் ஆசிரியரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். 'அகக்கண்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வைத்தார். 1974-இல் இந்திய அரசு பினோத் பிகாரிக்குப் பத்ம விபூஷண் விருது தந்தது. 1980-இல் அவர் காலமானார்.

சரி. கூட்டத்தில் யாராவது இப்படிக் கேட்கலாம்: "அவர் மேதை. என் பிள்ளை அப்படியா? அவனுக்கு ஏழு வயதாகியும் பேச்சே சரியாக வரவில்லை. அவன் படம் வரைந்து என்ன ஆகப்போகிறது?"

நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட பெரிய மனிதர்களின் கதைகளில் ஓர் ஆபத்து உண்டு. கேட்கும்போது கண்ணில் நீர் வரும். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். வரைகிற பிள்ளைகள் எல்லோரும் ஓவியர் ஆகப் போவதில்லை. கண் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளிலேயே எத்தனை பேர் ஓவியர் ஆகிறார்கள்? ஓவியர் ஆக்குவது இங்கே நோக்கம் இல்லை. 'இதை நான் செய்தேன்' என்று பிள்ளை சொல்ல வேண்டும். அதுதான் நோக்கம்.

அந்தச் சொல்லின் அருமை உங்களுக்குத் தெரியாதா? எழுதக் கற்றுக்கொண்ட பிறகு நீங்கள் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். அதுவரை மை ஒற்றிக் கைநாட்டு வைத்திருப்பீர்கள். அன்றைக்கு ரேஷன் கடையிலோ வங்கியிலோ "பேனா கொடுங்கள், நானே போடுகிறேன்" என்று சொன்னீர்கள். கை நடுங்கியது. எழுத்து கோணலாக வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் போட்டு முடித்தீர்கள். வெளியே வரும்போது நடையே மாறியிருக்கும்! யாராவது உங்களைப் பாராட்டியதாலா நடை மாறியது? இல்லை. அந்தத் தாளில் உங்கள் கையால் எழுதியது இருந்தது. அதனால் மாறியது.

பிள்ளைக்கும் அப்படித்தான். மனவளர்ச்சி குறைந்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தில் நாள்தோறும் தோல்விதான். கூட்டல் தப்பு. எழுத்து தப்பு. சொன்னது ஞாபகம் இல்லை. களிமண்ணில் ஒரு பானை செய்தால் அதில் சரி, தப்பு என்பது கிடையாது. பானை கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆனாலும் அது பானைதான். தண்ணீர் ஊற்றிக் காட்டலாம், அப்பாவிடம் நீட்டலாம், அலமாரியில் வைக்கலாம். நாளைக்கும் அது அங்கேயே இருக்கும். ஒரு வேலையைத் தொடங்கி முடித்த ருசி அந்தப் பிள்ளைக்கு முதல் தடவையாகக் கிடைக்கிறது. அந்த ருசி கண்ட பிள்ளை அடுத்த வேலைக்குத் தானே கையை நீட்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள முயலும்.

காது கேளாமல் போன ஒருவரைப் பற்றியும் சுருக்கமாகக் கேளுங்கள். சதீஷ் குஜ்ரால் என்பவர் 1925-இல் ஜீலம் நகரில் பிறந்தார். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. எட்டு வயதில் காஷ்மீரில் ஒரு பாலத்திலிருந்து தண்ணீரில் தவறி விழுந்தார். காலில் காயம். அதைத் தொடர்ந்து நோய். காதும் கேட்காமல் போயிற்று. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். காது கேளாத பையனைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடங்கள் தயங்கின. அந்தப் பையனுக்குத் துணையாக இருந்தவை புத்தகமும் ஓவியமும்தான். 13 வயதில் லாகூரில் கலைப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பம்பாயில் படித்தார். ஓவியராக, சிற்பியாக, கட்டடக் கலைஞராகப் பெயர் பெற்றார். டெல்லியில் உள்ள பெல்ஜியம் நாட்டுத் தூதரகக் கட்டடம் அவர் வடிவமைத்தது. 2020-இல் தமது 94-ஆம் வயதில் காலமானார். அவருடைய அண்ணன் ஐ.கே. குஜ்ரால் இந்தியாவின் பிரதமராக இருந்தவர். வசதியும் படிப்பும் உள்ள குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைக்கே பள்ளிக் கதவு எளிதில் திறக்கவில்லை என்றால், கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையின் நிலையைக் கேட்கவும் வேண்டுமா?

இனி, வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். பணம் அதிகம் தேவைப்படாது. அடுப்புக் கரி, செங்கல் தூள், மஞ்சள், செம்மண், குளத்துக் களிமண், பிசைந்த கோதுமை மாவு, பழைய செய்தித்தாள், துணித் துண்டு போதும். ஒன்றை மட்டும் ஒதுக்குங்கள். சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும். சின்னப் பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள். அவர்களுக்குக் கடையில் விற்கும் வண்ணப் பொடியும் வேண்டாம். மஞ்சளும் மாவும் போதும்.

பார்வை இல்லாத பிள்ளைக்குக் களிமண் நல்ல தோழன். படமும் வரையலாம். ஒரு பலகையின் மேல் கொசுவலைக் கம்பித் துண்டைப் பரப்புங்கள். அதன் மேல் தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் அழுத்திக் கோடு போடச் சொல்லுங்கள். கோடு சொரசொரப்பாக எழும்பி நிற்கும். பிள்ளை தான் போட்ட கோட்டைத் தானே தடவிப் பார்க்கலாம். பசை தடவிய நூலைத் தாளில் ஒட்டினாலும் அப்படித்தான். 'இது வட்டம்' என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. விரல் சொல்லிவிடும்.

காது கேளாத பிள்ளை ஆட முடியாது என்று நினைக்காதீர்கள். தோல் கருவியின் மேல் அவன் கையை வைத்துக்கொண்டு தட்டுங்கள். அதிர்வு கை வழியாக ஏறும். பலகைத் தரை இருந்தால் வெறுங்காலுக்கே தாளம் தெரியும். ஊதிய பலூனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாலும் தெரியும். கண்ணால் கூட்டாளியைப் பார்த்து, காலால் தாளத்தை வாங்கி ஆடுவான்.

கை விறைத்துப்போன பிள்ளைக்குத் தூரிகைக் காம்பில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுங்கள். தாள் நழுவாமல் நாலு மூலையிலும் ஒட்டி வையுங்கள். மேசையை விடத் தரையில் சிலருக்கு வசதி. காலால் பிடிக்க முடிந்தால் காலால் பிடிக்கட்டும்.

மனவளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு படி போதும். இன்றைக்கு மண்ணை உருட்டுவது. நாளைக்குத் தட்டையாக்குவது. அதே இடம், அதே நேரம், அதே பாட்டு. நமக்குச் சலித்துவிடும். பிள்ளைக்குச் சலிக்காது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஈர மண் கையில் பட்டாலே பிடிக்காது. திடீர் மேளச் சத்தம் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு அழுவார்கள். அது அடம் இல்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே வேதனை. குச்சியைக் கொடுத்து மணலில் கீறச் சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேறொரு நாள், வேறொன்று.

பெரியவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளை யானை வரைகிறான். தும்பிக்கை எங்கேயோ இருக்கிறது. உடனே பென்சிலைப் பிடுங்கி "இப்படிப் போடணும்" என்று சரிசெய்து கொடுத்துவிடுகிறார்கள். படம் அழகாகிவிட்டது. ஆனால் அது இப்போது யாருடைய படம்? பிள்ளைக்குத் தெரியும். அடுத்த தடவை பென்சிலை உங்களிடமே நீட்டுவான். கை பிடித்து வரையச் செய்வதும் அப்படித்தான். பிள்ளை உதவி கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் உதவுங்கள்.

பள்ளிகளிலும் ஒன்று நடக்கிறது. ஆண்டு விழா வரும். எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குப் பச்சைத் துணி கட்டி, பின்னால் மரமாக நிறுத்திவிடுவார்கள். 'நாங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம்' என்று மேடையில் பேசுவார்கள். அந்த மரத்தின் மனம் என்ன பாடுபடும் என்று யாரும் நினைப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் பிள்ளை ராணியாக நடிக்கலாமே! ராணி உட்கார்ந்துதானே இருப்பார்?

இதில் சட்டத்தின் துணையும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்களுக்காக 1995-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதில் சொல்லப்பட்டுள்ளன. குறைபாட்டின் அளவு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ படிக்கலாம். அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். விளையாட்டிலும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் மற்றவர்களோடு சமமான வாய்ப்புத் தர வேண்டும். இதுவும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளைக்கு என்ன வேஷம் என்று ஆசிரியரிடம் கேட்கலாம். தயங்க வேண்டாம். சலுகை கேட்பதாக நினைக்கவும் வேண்டாம். "ஐயா, மரம் வேண்டாம். அவனுக்குத் தாளம் போட வரும். ஒரு ஜால்ராவைக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு என்ன வரும் என்பது ஆசிரியரை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி அந்த வாசலுக்கு வாருங்கள். பையன் கையில் ஒரு பிடி மாவு. கோலத்தின் நடுவில் அவன் கோடு போட்டால் கோலம் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தால், பக்கத்தில் ஒரு முழம் இடத்தைத் தண்ணீர் தெளித்து அவனுக்கென்று விடுங்கள். சிறு கூழாங்கற்களைப் புள்ளியாக வைத்துக் கொடுங்கள். ஒரு கல்லைத் தொட்டு, அடுத்த கல்லுக்கு மாவை இழுத்துப் போகட்டும். கொட்டினால் துடைப்பம் இருக்கிறது. யாராவது "இது யார் போட்டது?" என்று கேட்டால், நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவனே சொல்லட்டும்.

தாளில் வரைந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் பிள்ளையின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே.